ஈர மரமும் நம் தறியும்

நெல்லை அறுத்தவுடன் எவரும் குதிரில் கொட்டுவதில்லை. களத்தில் பரப்பி, கிண்டிவிட்டுக் காயவைத்து, பல்லில் கடித்துப் பதம் பார்த்த பின்னரே மூட்டை கட்டுகிறோம். கஞ்சியிட்ட பாவை ஈரத்தோடு சுருட்டுவோரும் இல்லை. தானியத்திலும் நூலிலும் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கும் நாம், அந்த நூலைத் தாங்கும் தறிக்கும் அந்த நெல்லைக் காக்கும் களஞ்சியத்திற்கும் மரம் வாங்கும்போது மட்டும் அவ்வெச்சரிக்கையை மறந்துவிடுகிறோம். அறுப்பு மில்லிலிருந்து காலையில் வந்த பலகை, மாலையில் தச்சரின் இழைப்புளிக்கு அடியில் கிடக்கிறது. ஆறு திங்கள் கழிந்ததும் கதவு நிலையில் அமர மறுக்கிறது, படமரம் முறுக்கிக்கொள்கிறது, பொருத்துகள் ஆட்டம் காண்கின்றன. பழி தச்சர் மேல் விழுகிறது. குறை பெரும்பாலும் மரத்தினுள் தங்கிய நீரினுடையது.

தறி என்பது நெசவாளருக்கு வீட்டுச் சாமான் அன்று, பிழைப்பின் அடிப்படை. அது கடன் பெற்று வாங்கப்பட்டதாயின், தவணை தீருமுன் தறி கோணிவிட்டால் நட்டம் இரட்டிப்பாகும். கோணிய தறியில் விழும் துணி சங்கத்தின் தரச் சோதனையில் நில்லாது, கூலி குறையும், தவணையோ குறையாது. ஆதலின் மரத்தின் ஈரத்தைப் பற்றிய அறிவு தச்சருக்கு மட்டுமன்றி, மரம் வாங்கும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் இன்றியமையாதது.

மரத்தினுள் நீர் இருக்கும் விதம்

மரம் எண்ணற்ற நுண்ணிய குழல்களால் ஆனது. உயிருள்ள மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, குழல்களின் உள்வெளியில் நிறைந்து நிற்கும் நீர். மற்றொன்று, குழல்களின் சுவரிலேயே ஊறியிருக்கும் நீர். துவைத்த வேட்டியை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். முதலில் சொட்டும் நீர் வடிகிறது. சொட்டுவது நின்ற பின்னும் நூலுக்குள் ஈரம் இருக்கிறது. அது போக நெடுநேரம் ஆகிறது. மரத்திலும் உள்வெளி நீர் முதலில் வெளியேறுகிறது. அப்போது எடை குறையும், அளவு மாறாது. ஏறத்தாழ 25 முதல் 30 சதவிகித ஈரம் எஞ்சும் நிலையில் உள்வெளி நீர் தீர்ந்து, சுவரின் நீர் வெளியேறத் தொடங்குகிறது. அந்தக் கணத்திலிருந்துதான் மரம் சுருங்குகிறது. கைக்குக் காய்ந்தாற்போல் தோன்றும் பலகை, பல வேளைகளில் சுருங்கவே தொடங்காத பலகையாக இருப்பது இதனாலேயே.

ஈரத்தைக் கணக்கிடும் முறை

நெல்லின் ஈரக் கணக்கும் மரத்தின் ஈரக் கணக்கும் ஒன்றல்ல என்பதை விவசாய அங்கத்தினர்கள் கருத்தில் கொள்ள வேண்டும். நெல்லில் 17 சதவிகித ஈரம் என்றால், 100 கிலோ நெல்லில் 17 கிலோ நீர் என்று பொருள். மரத்திலோ நீரின் எடையை முற்றும் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிடுகின்றனர். 250 கிராம் எடையுள்ள மரத்துண்டு ஒன்று முற்றும் உலர்ந்தபின் 200 கிராம் இருந்தால், போன நீர் 50 கிராம். ஈர அளவு 25 சதவிகிதம். இக்கணக்கின்படி புதிதாக வெட்டிய மென்மரங்கள் சிலவற்றில் ஈரம் 100 சதவிகிதத்தையும் கடப்பதுண்டு. மரத்தின் எடையைவிட அதிலுள்ள நீரின் எடை மிகுதி என்பதே அதன் பொருள். வண்டி வாடகை கொடுத்து நாம் கொண்டுவருவதில் பாதி நீர் எனலாம்.

இதனை அறிய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பலகையிலிருந்து சிறு துண்டை வெட்டி எடை போட்டு, 103 டிகிரி வெப்பமுள்ள உலர் அடுப்பில், எடை மேலும் குறையாத வரை வைத்து, மீண்டும் நிறுப்பது. பலகையின் முனை முந்தி உலர்ந்துவிடுமாதலால், முனையிலிருந்து ஒன்றரை அடியேனும் தள்ளித் துண்டு எடுத்தல் வேண்டும். இரண்டாவது, இரண்டு ஊசிகளை மரத்தில் அழுத்தி, மின்சாரம் பாய்வதற்கு மரம் காட்டும் தடையைக்கொண்டு ஈரத்தைக் காட்டும் சிறு கருவி. ஈரம் 25 சதவிகிதத்திற்கு மேற்பட்டால் இக்கருவியின் கணக்கை அவ்வளவாக நம்ப இயலாது. உலர்ந்த மரத்தைச் சோதிக்கப் போதுமானது. மூன்றாவது வழிக்குத் தராசு ஒன்றே போதும். அடுக்கிலிருந்து எளிதில் உருவக்கூடிய பலகை ஒன்றை அடையாளமிட்டு, வாரந்தோறும் நிறுத்துக் குறித்துவர வேண்டும். தொடர்ந்து மூன்று முறை எடை மாறாதிருந்தால், அம்மரம் அவ்விடத்துக் காற்றோடு சமநிலை அடைந்துவிட்டது என அறியலாம்.

சுருக்கமும் கோணலும்

மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதாயின் தொல்லை சிறிதே. ஆனால் நீளவாட்டில் அது சுருங்குவது மிக அற்பம். நடுவிலிருந்து பட்டையை நோக்கிச் செல்லும் திசையில் ஒரு பங்கு சுருங்கினால், ஆண்டு வளையங்களைத் தழுவிச் செல்லும் திசையில் ஏறத்தாழ இரண்டு பங்கு சுருங்குகிறது. மரங்கள் வெடிப்பதற்கும் வளைவதற்கும் இந்த வேற்றுமையே பெருங்காரணம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வளையத் திசையில் மொத்தம் 8 சதவிகிதம் சுருங்கக்கூடிய மரத்தில், 10 அங்குல அகலமுள்ள பலகையைப் பச்சையாகவே இழைத்துப் பொருத்திவிட்டோம் எனக் கொள்வோம். அது 12 சதவிகித ஈரத்திற்கு வரும்போது அகலத்தில் ஏறத்தாழ அரை அங்குலம் குறைந்துவிடும். தேக்கு இதைவிடக் குறைவாகவே சுருங்கும். தேக்கின் பெருமைக்கு அதன் எண்ணெய்ப் பசையும் கரையானைத் தாங்கும் வைரமும் மட்டுமே காரணமல்ல. சுருக்கம் குறைந்த இயல்பும் ஒரு காரணமாகும். இருப்பினும் தேக்கும் உலர்த்தப்படவே வேண்டும். விலை உயர்ந்த மரம் என்பதால் ஈரம் சலுகை காட்டுவதில்லை.

பலகையின் பட்டைப் பக்கம், நடுப் பக்கத்தைவிட மிகுதியாகச் சுருங்குவதால், விளிம்புகள் பட்டைப் பக்கமாக எழும்பிப் பலகை குழிகிறது. நார் திருகி வளர்ந்த மரம், உலரும்போது அத்திருகலை வெளிக்காட்டி முறுக்கிக்கொள்கிறது. முனைகளில் நார் திறந்திருப்பதால் நீர் அங்கே விரைந்து வெளியேறி முனை பிளக்கிறது.

எவ்வளவு உலர்ந்தால் போதும்?

மரம் காற்றோடு ஓயாது கொடுக்கல் வாங்கல் நடத்துகிறது. காற்றில் ஈரப்பதம் 50 சதவிகிதமாயின் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 9 சதவிகிதத்தில் நிற்கும். 65 ஆயின் 12. 80 ஆயின் 16. 90 ஆயின் 20. ஆகவே, மரம் எந்த இடத்தில் வாழப்போகிறதோ, அந்த இடத்துக் காற்றுக்கு ஏற்றபடி அதனை உலர்த்த வேண்டும். இந்தியத் தரக் குறிப்பான ஐ.எஸ். 287, காற்றின் ஈரப்பதத்தைக்கொண்டு நாட்டை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, எந்த மண்டலத்தில் எந்தப் பயனுக்கு எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று வரையறுத்திருப்பது இந்த அடிப்படையிலேயே. பதப்படுத்தும் முறைகளை ஐ.எஸ். 1141 கூறுகிறது.

நெசவுக் கூடத்தில் இது சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. பருத்தி நூல் ஈரக் காற்றில் வலிமை பெறுகிறது. வறண்ட காற்றில் அறுந்து தொல்லை தருகிறது. குழித்தறியின் மண் குளிர்ச்சி நூலுக்கு நன்மை. அதே குளிர்ச்சி, மண்ணில் ஊன்றிய தறிக் காலுக்குத் தீமை. நூலும் மரமும் ஒரே அறையில் வாழவேண்டியிருப்பதால், இரண்டிற்கும் பொதுவான நிலையை நாம் காண வேண்டும். காற்றின் ஈரப்பதம் 65 முதல் 75 வரை இருக்கும் கூடத்திற்கு, 12 முதல் 14 சதவிகித ஈரமுள்ள மரம் பொருத்தமானது. நூலுக்காக நீர் தெளிப்போர், தறிக் காலின் அடியிலும் சட்டத்தின் மீதும் நீர் படாதபடி தெளிக்க வேண்டும். காலை மண்ணில் புதைக்காமல், கல்லின் மீதோ காரைக் கட்டையின் மீதோ நிறுத்தினால், அது அடியில் இற்றுப்போவதைப் பெரிதும் தவிர்க்கலாம்.

தறியின் எல்லா உறுப்புகளும் ஒரே அளவு கண்டிப்பை வேண்டுவதில்லை. நிற்கும் கால்கள் சிறிது சுருங்கினால் ஆப்பு வைத்து இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் படமரமும் பாவு சுற்றும் உருளையும் முறுக்கினால், பாவின் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தொய்யும். இறுகிய பக்கத்தில் இழைகள் அறுபடும். துணியின் ஊடை நேராக அமையாது. நாடா ஓடும் பலகை குழிந்தால் நாடா தாவும். அச்சைத் தாங்கும் சட்டம் வளைந்தால் அடி சமமாக விழாது. ஆகவே, கைவசமுள்ள மரத்தில் மிக நன்றாக உலர்ந்ததையும் நார் நேராக ஓடுவதையும் இவ்வுறுப்புகளுக்கே ஒதுக்க வேண்டும்.

காற்றில் உலர்த்தும் முறை

பெருஞ்செலவின்றி ஒவ்வோர் ஊரிலும் செய்யக்கூடியது காற்றில் உலர்த்தலே. வெயிலில் பரப்புவது உலர்த்துவதாகாது. மேற்பரப்பு சட்டென்று காய்ந்து சுருங்க முயலும். உள்ளே ஈரம் நிறைந்த பகுதி அதற்கு இடங்கொடாது. இந்தப் போராட்டத்தில் பலகை வெடிக்கும். நிழலும், நிழலினூடே ஓடும் காற்றுமே வேண்டற்பாலன. முறை வருமாறு:

1. மேடான, நீர் தேங்காத இடத்தில், தரையிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை அடி உயரத்தில், செங்கல் அல்லது கல் தாங்கிகளைச் சமமட்டமாக அமைக்க வேண்டும். கீழே புல்லும் செத்தையும் இருத்தலாகாது. அவை கரையானுக்கு வழிகாட்டும்.

2. பலகைகளின் முனைகளில், அறுத்த அன்றே தாரோ, உருக்கிய மெழுகோ, கெட்டியான வர்ணமோ பூசிவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் பிளவு தொடங்கிவிடும்.

3. ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே, ஒரே கனமுள்ள உலர்ந்த குறுக்குச் சட்டங்களை வைக்க வேண்டும். 1 அங்குலப் பலகைக்கு 1 அங்குலக் கனமுள்ள சட்டங்கள் 2 அடிக்கு ஒன்றாகப் போதும். மேலுள்ள சட்டம் கீழுள்ள சட்டத்திற்கு நேராக நிற்க வேண்டும். சிறிது விலகினாலும் பலகை அவ்விடத்தில் தொய்ந்து அப்படியே உலர்ந்துவிடும். சட்டம் ஈரமாக இருந்தால் பலகையில் கறை படியும்.

4. பலகைக்கும் பலகைக்கும் நடுவே 1 அங்குல இடைவெளி வேண்டும். அடுக்கின் அகலம் 6 அடிக்கு மேற்பட்டால் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது.

5. அடுக்கை வடக்கு தெற்காக நீளவாட்டில் அமைத்தால், ஆனி, ஆடி மாதத்து மேல்காற்று முனைகளில் நேரே மோதாமல் பலகைகளின் நடுவே ஊடுருவிச் செல்லும். மேலே கூரை இறவாரம் நீண்டு நிற்க வேண்டும். மேல் அடுக்கில் கல் பாரம் ஏற்றினால் பலகைகள் வளையா.

மழை நின்று தை மாதம் அடுக்கினால், நடுத்தர வன்மையுள்ள மரத்தின் 1 அங்குலப் பலகைகள் ஆனி மாதத்திற்குள் பெரும்பாலும் வேலைக்கு ஏற்ற பதம் அடையும். கனம் இரட்டித்தால் காலம் இரு மடங்கிற்கும் மிகுதியாக நீளும். தடித்த சட்டங்களுக்கு ஓராண்டு என்று கணக்கிடுவதே அறிவுடைமை. தேக்கு உலர்வதில் நடுத்தரமானது. கருமருது போன்ற கடின மரங்களை விரைவாக உலர்த்தினால் வெடிக்கும். காற்றோட்டத்தைச் சிறிது மட்டுப்படுத்த வேண்டும். இலவு போன்ற மென்மரங்களுக்கு நேர்மாறு. அவை தாமதித்தால் பூசணம் பிடித்துக் கறுக்குமாதலால் உடனே நன்கு காற்றுப்பட அடுக்க வேண்டும்.

சூளையும் குளமும்

பெரிய மரத் தொழிற்சாலைகளில் சூளை அறையில் உலர்த்துகின்றனர். இங்கே வெப்பத்தோடு ஈரக் காற்றையும் சேர்த்தே செலுத்துவர் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தொடக்கத்தில் காற்று ஈரமாக இருந்தால்தான் மேற்பரப்பு முந்திக் காயாமல், உள்நீர் படிப்படியாக வெளியே வரும். பின்னர் வெப்பத்தைக் கூட்டி ஈரத்தைக் குறைப்பர். அவசரப்பட்டால் வெளித்தோல் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். அத்தகைய பலகையை மீண்டும் அறுக்கும்போது அது வாளைக் கவ்விப் பிடிக்கும். கண்ணாடிக் கூரையும் விசிறியும் கொண்டு வெயிலாலேயே இயங்கும் சூரியச் சூளைகளும் உள்ளன. மின்செலவு குறைவாதலால் அவை சிறு கூட்டுறவு நிறுவனங்களுக்கு ஏற்றவை.

மரத்தையும் மூங்கிலையும் குளத்தில் ஊறப்போடும் நம் முன்னோர் வழக்கத்திலும் பொருளுண்டு. நீரில் முற்றும் அமிழ்ந்த மரம் வெடிப்பதில்லை. மேலும், மரத்தின் வெளிறிலும் மூங்கிலிலும் உள்ள மாச்சத்தும் சர்க்கரையும் பெருமளவு கரைந்துவிடுவதால், அவற்றை நாடிவரும் உளுவண்டுக்கு உணவு குறைகிறது. ஆயினும் ஊறல் வேறு, உலர்த்தல் வேறு. குளத்திலிருந்து எடுத்த மரத்தை முறைப்படி அடுக்கி உலர்த்தியே தீர வேண்டும். பர்மாவில் நிற்கும் தேக்கின் பட்டையைச் சுற்றிலும் வளையமாக வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் மரத்தைப் பட்டுப்போக விட்டுப் பின்னர் வெட்டிவந்தனர். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது என்பதே அதற்குக் காரணம்.

கட்டடத்தில் காத்தல்

உலர்த்திய மரத்தை வீட்டில் வைத்த பின்னும் கடமை முடிந்துவிடவில்லை. மரத்தை இற்றுப்போகச் செய்யும் பூசணத்திற்கு 20 சதவிகிதத்திற்கு மேற்பட்ட ஈரம் வேண்டும். அதற்குக் கீழே மரத்தை வைத்திருந்தால் அது தலைமுறை கடந்தும் நிற்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கண்டவர்கள் இதனை அறிவர். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழையும் பெய்யும் அப்பகுதியில், மர வேலைப்பாடு நிறைந்த அவ்வரண்மனை நூற்றாண்டுகளாக நிற்கிறது. சரிந்த கூரையும், சுவருக்கு வெளியே நீண்டு தாழும் இறவாரமும், காற்றுப் புகும் மர அழிகளும் அதற்குத் துணை. செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்குத் தூண்கள் கல் ஆதாரங்களின் மீது நிற்பதும் அழகுக்காக மட்டுமன்று. தூணின் அடிமுனை திறந்த குழல்களின் வாய். அது தரையைத் தொட்டால் விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் நீரை உறிஞ்சும்.

நாம் கவனிக்க வேண்டியவை சில. சுவருக்குள் செல்லும் உத்திர முனையைச் சாந்தால் முழுதும் மூடாமல், சிறிது காற்று இடம் விட வேண்டும். ஈர மரத்திற்கு வர்ணம் பூசலாகாது; உள்ளே அடைபட்ட நீர் மரத்தை அரிக்கச் செய்யும். கதவின் முகப்பிற்கு வர்ணம் பூசுவோர் அதன் மேல், கீழ் விளிம்புகளை மறந்துவிடுகின்றனர். நீர் புகுவது பெரும்பாலும் அவ்வழியேதான். ஐப்பசி மழையில் கதவு உப்பி இறுகினால் உடனே இழைப்புளியை எடுப்பது தவறு. அப்போது சீவிய அளவு சித்திரையில் இடைவெளியாக நிற்கும். தை வரை பொறுத்திருந்து, அப்போதும் இறுகினால் மட்டுமே சீவ வேண்டும். களஞ்சியத்தில் மூட்டைகளை மரச் சட்டங்களின் மீது, சுவரை ஒட்டாமல் அடுக்குவது நெல்லுக்கும் சுவருக்கும் மரத்திற்கும் ஒருங்கே நன்மை. கூரையில் ஓர் ஓடு நகர்ந்தால் அதனை அன்றே சரிசெய்வது, பின்னர் ஓர் உத்திரத்தை மாற்றுவதைவிட மலிவானது.

சங்கம் செய்யத்தக்கது

தனி ஒருவரால் மரம் வாங்கி ஓராண்டு காத்திருக்க இயலாது என்பது உண்மை. பணம் முடங்கும்; இடம் போதாது; தேவையோ இன்றைக்கு. ஈர மரம் விற்பனையாவதற்கும் இதுவே காரணம். தனியொருவருக்கு இயலாததைப் பலர் கூடிச் செய்வதற்காகவே கூட்டுறவு தோன்றியது. அடுத்த ஆண்டு எத்தனை தறி புதிதாக வேண்டும், எத்தனை படமரம் மாற்ற வேண்டும், களஞ்சியத்திற்கு எத்தனை கதவு தேவை என்ற கணக்கைச் சங்கம் முன்கூட்டியே திரட்டலாம். அம்மரத்தைத் தை மாதத்தில் மொத்தமாக வாங்கி, சங்க நிலத்தில் கூரை ஒன்றின் கீழ் அடுக்கிவைத்து, எடைக் குறிப்பேடு ஒன்றைப் பராமரிக்கலாம். உலர்ந்த மரத்தை அடக்க விலையோடு சிறு செலவு சேர்த்து அங்கத்தினருக்கு வழங்கலாம். அறுத்த பலகையாகவே வாங்கும்போது, ஈர அளவு இத்தனைக்கு மேற்படலாகாது என்ற நிபந்தனையை விலைப்பட்டியலிலேயே எழுதி, கருவியால் சோதித்துப் பெற்றுக்கொள்ளலாம். ஈரம் பார்க்கும் கருவி ஒன்றே பல சங்கங்களுக்குப் பொதுவாகப் போதும்.

தச்சர்களையும் இம்முயற்சியில் பங்குபெறச் செய்தல் வேண்டும். ஈர மரத்தில் வேலை செய்ய மறுக்கும் தச்சர் நமக்கு இடையூறு செய்பவர் அல்லர். நம் பணத்தைக் காப்பவர். அவரை அவசரப்படுத்துவது நம் தறியையே அவசரப்படுத்துவதாகும். அடுத்த பொதுக்குழுவில் தறிக் கடன் பற்றிய பொருள் வரும்போது, தறி மரத்தின் ஈரத்தைப் பற்றியும் அங்கத்தினர்கள் ஒரு கேள்வி எழுப்புவார்களாயின், இக்கட்டுரை தன் பயனை அடைந்ததாகக் கொள்வோம்.